நான்கு விரல் தள்ளி

ஆசிரியர் பயிற்சியில் சேர உச்ச வயது நாற்பது. பார்சலக்கா விண்ணப்பம் கொடுத்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது. வாங்கிய குமாஸ்தா பிறந்த தேதியைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒருதரம், இறக்கிவிட்டு ஒருதரம் பார்த்தார்.

"உங்க பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

"அப்ப நின்னு பேசிக்கிட்டிருக்காதீங்க, கையெழுத்தப் போடுங்க" என்றார், ரயில் கிளம்பப் போவதுபோல.

அந்த ஒரு வயது இடைவெளிதான் அவளுடைய மொத்தக் கையிருப்பு. தேறினால் ஆசிரியை. தேறாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்பது மற்றவர்களுக்கு. அவளுக்கு அந்தக் கதவு இல்லை. பயிற்சி பாதியில் இருக்கும்போதே நாற்பது முடிந்துவிட்டது.

பார்சலக்கா என்பது உடன் படித்தவர்கள் வைத்த பெயர். அவர்களில் பலர் அவள் மகளைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர்கள். அதற்கு முன் பதினான்கு வருடம் அவள் ஒரு பார்சல் அலுவலகத்தின் கவுன்டரில் இருந்தாள். முகவரியை எங்கே எழுதுவது, கண்ணாடிப் பொருளை எப்படிச் சுற்றுவது, எடை ஏன் கூடுகிறது என்று ஒரே விஷயத்தை நாள் முழுக்க ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் புரியவைக்கிற வேலை. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரல். "நீ வாத்தியாரம்மாவா போயிருக்கணும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவாள். ஒருநாள் காலையில் அவள் கவுன்டரில் ஆளுயரத்துக்கு ஒரு தொடுதிரை நின்றது. இனி வாடிக்கையாளர்களே தொட்டுத் தொட்டு அனுப்பிக்கொள்வார்களாம். மேலாளர் அதைப் பாராட்டிப் பேசிவிட்டு, அதே மூச்சில் அவளுக்கு நன்றி சொன்னார். ஆக, வாத்தியாரம்மாவாகப் போகலாம் என்று அவள் முடிவெடுத்ததில் ஒரு தொடுதிரைக்குப் பங்கு உண்டு. அங்கேயும் அது முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டு காத்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பயிற்சி நிறுவனத்தில் 'டிஜிட்டல் கருவிகள்' என்று ஒரு பாடம் இருந்தது. அதை நடத்தியவர் திரையில் ஒரு ஸ்லைடைப் போட்டு, ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதைப் பதினைந்து வரியில் விளக்கினார். கணினி அறையில் கணினிகள் இருந்தன. பாஸ்வேர்டு தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். அதனால் திரையின் படத்தை அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். பார்சலக்கா அந்தத் தாளில் 'சேமி' என்ற பொத்தானை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"சேவ் ஆயிடுச்சாக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"சுத்துதுடி. நெட் ஸ்லோ."

பிறகு பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்காம் வகுப்பு. அவளுக்குப் பொறுப்பாசிரியர் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் இவளை 'அக்கா' என்றார், இவள் அவரை 'சார்' என்றாள். இரண்டு பேருக்கும் அது கொஞ்சநாள் கூச்சமாக இருந்து, பிறகு பழகிவிட்டது. நல்ல மனிதர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். முதல்நாள் வகுப்பறையைச் சுற்றிக் காட்டினார். அலமாரி, துடைப்பம், முதலுதவிப் பெட்டி. கடைசியாக, சுவர் அகலத்துக்கு வெள்ளையாக நின்ற, பள்ளிக்கே ஒன்றான ஸ்மார்ட் போர்டு. கூரையிலிருந்து தொங்கும் புரொஜெக்டர் அதன்மேல் படம் போடும். படத்தின்மேல் விரலால் தொட்டால் அது வேலை செய்யும்.

"தொட்டுப் பாருங்கக்கா. அந்தப் பச்சைப் பொத்தான்."

தொட்டாள். பச்சைக்கு வலதுபக்கம் இருந்த சிவப்புப் பொத்தான் அமுங்கி, எல்லாம் அணைந்தது.

"அதான்" என்றார் சார், ஒரு வருட அனுபவத்தோடு. "நாலு விரல் தள்ளித் தொடணும். இடதுபக்கமா."

நடந்தது இதுதான். விடுமுறையில் சுவருக்கு வண்ணம் பூச வந்தவர்கள் ஏணியை நகர்த்தும்போது புரொஜெக்டரை இடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து படம் ஓரிடத்தில் விழுகிறது, தொடுவது வேறிடத்தில் பதிகிறது. பள்ளிக்கூடத்தில் யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதற்கான பாஸ்வேர்டு டெக்னீஷியனிடம் மட்டும் உண்டு. அவர் ஒருமுறை வந்தார். அவர் போன பிறகு, கீழே தொட்டால் மேலே பதிந்தது. பிள்ளைகள் தரையில் குந்திக்கொண்டு கூட்டல் போட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். வந்து, வியர்க்க விறுவிறுக்க வேலை பார்த்து, பழையபடி நான்கு விரல் இடதுபக்கத்துக்கே கொண்டுவந்து விட்டுப் போனார். அன்றைக்கே தலைமையாசிரியை ஆசிரியர்களைக் கூட்டி அறிவித்தார்: "இதுதான் அதோட நல்ல நிலைமை. இனிமே யாரும் அதைச் சரிபண்ண வேணாம்."

அதன்பிறகு பள்ளியே அதற்கேற்பத் திருந்திக்கொண்டது. புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கழிப்பறை எங்கே என்பதற்கு அடுத்தபடியாகச் சொல்லித்தரப்படுவது 'நாலு விரல் தள்ளி'. சுட்டுவிரலை நீட்டுவதற்கு முன் இடக்கையின் நான்கு விரலையும் சேர்த்துப் போர்டில் வைத்து அளந்துகொள்வார்கள் சின்னப் பிள்ளைகள். நான்காம் வகுப்புக்கு அந்த அளவெல்லாம் தேவையில்லை. கையே போகும்.

பார்சலக்காவின் கை போகவில்லை. "இது என்ன சார் அநியாயம்? இருக்கற இடத்துல தொட்டா இல்லாத இடத்துல ஏன் பதியுது?" என்று முதல் வாரம் முழுக்கப் பொருமினாள்.

"அக்கா, அதுகிட்ட நியாயம் பேசாதீங்க. நீங்க நகர்ந்துக்குங்க."

முதல் தேர்வுப் பாடம் வந்தது. பயிற்சியாளர்களின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போட நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வருவார். வாட்டசாட்டமான, வேகமாக நடக்கிற, யாரோடும் சிரிக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லி அனுப்பியதுபோன்ற மனுஷி. எல்லோருக்கும் அவர் மார்க் மேடம். பார்சலக்கா போர்டை இயக்கினாள். நீலத்திரையில் ஒரு வரி வந்தது: 'அப்டேட் ஆகிறது. கருவியை அணைக்க வேண்டாம்.' அணைக்கவில்லை. பாடம் முழுக்கச் சாக்பீஸில் நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். மணி அடித்துப் பிள்ளைகள் எழுந்தபோது போர்டு இனிமையாக ஒரு சத்தம் எழுப்பி, 'வணக்கம், தொடங்கலாமா?' என்றது.

மார்க் மேடத்தின் அறிக்கை சுருக்கமானது. பாடம்: நன்று. டிஜிட்டல் கருவி: பயன்படுத்தவில்லை. முடிவு: தேறவில்லை. இன்னொரு வாய்ப்பு உண்டு, அதுவே கடைசி. மாணவர்களே போர்டுக்கு வந்து தொட்டுப் பயில வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு.

"அவங்க டேப்லெட்டுல 'கருவிக் கோளாறு'ன்னு போட்டாங்கக்கா. அதைப் போட்டா டெக்னீஷியனுக்குத் தானாப் புகார் போயிடும்" என்றார் சார். "பயப்படாதீங்க. அவரு வர்றதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க."

அன்று மாலை அவள் உட்கார்ந்து யோசித்தது இவ்வளவுதான்: அந்தப் போர்டோடு இனிச் சண்டை போட நேரமில்லை. பழகியாக வேண்டும்.

பழகினாள். பள்ளி விட்டபிறகு ஆயாம்மாவிடம் சாவியைக் கெஞ்சி வாங்கி, வெற்று வகுப்பில் தொட்டுத் தொட்டுப் பழகினாள். பள்ளியைத் திறப்பது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் ஆயாம்மாவின் பொறுப்பு. "மனுஷங்க தெய்வத்தைக்கூட இவ்ளோ நேரம் தொட்டுக் கும்பிடறதில்ல" என்று துடைப்பத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். சில வாரத்தில் கை திருந்தியது. கண் ஓரிடத்தைப் பார்க்கும், விரல் அதற்கு இடப்பக்கம் இறங்கும், போர்டு 'டிங்' என்று ஒத்துக்கொள்ளும். அந்த 'டிங்'கைக் கேட்டால் அவளுக்குப் பத்து பார்சலை ஒரே மூச்சில் எடைபோட்டு அனுப்பிய நிம்மதி.

சிக்கல், கை பள்ளியிலேயே நின்றுவிடவில்லை. வீட்டுக்கும் கூடவே வந்தது. அடுக்குமாடியின் லிஃப்டில் மூன்றாம் மாடிக்குப் பதிலாக அலாரத்தை அழுத்தினாள். காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். மகளின் டேப்லெட்டில் ஏதோ ஒரு படத்தைப் பெரிதாக்கப் போய், மகள் இரண்டு நாளாக எழுதிய கட்டுரையை அழித்தாள்.

"அம்மா! எதை அழுத்தினே?"

"பெருசாக்கறதைத்தான்டி."

"பெருசாக்கறது இங்க இருக்கு. நீ தொட்டது அங்க!"

"தெரியும். எங்க போர்டுல அப்படித்தான்."

மகளுக்குப் பதினைந்து வயது. அந்த வயதுக்கே உரிய பொறுமையோடு அவள் அம்மாவைப் பார்த்தாள். "உங்க போர்டு லூசு. அது கூடச் சேர்ந்து நீயும் லூசாகணுமா?"

"ஆனாத்தான் பாஸ்."

கணவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் இயக்குகிறவர், அதிகம் பேசமாட்டார். செய்தித்தாளின் பின்னாலிருந்து, "கேஸ் அடுப்பை மட்டும் நான் பத்தவெச்சுக்கறேன்" என்றார்.

கடைசி வாய்ப்பு ஒரு வியாழக்கிழமை. பாடம் பின்னம். அதற்கு அவள் செய்திருந்த ஏற்பாட்டில் சாரே அசந்துபோனார். போர்டில் நீளமாக ஓர் எண்கோடு. பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை, எட்டில் ஒன்று எட்டில் ஒன்றாகக் கோடுகள். மேலே ஒரு கேள்வி வரும்: 'எட்டில் ஐந்து எங்கே?' பிள்ளை வந்து அந்தக் கோட்டைத் தொட வேண்டும். சரியென்றால் 'டிங்', ஒரு நட்சத்திரம். தவறென்றால் 'டொய்ங்' என்று ஓர் அழுமூஞ்சி. வகுப்பில் எல்லோரும் ஒத்திகையில் நட்சத்திரம் வாங்கியாகிவிட்டது. ஓட்டைப்பல் என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி கண்ணை மூடிக்கொண்டே வாங்கிக் காட்டினாள்.

முந்தைய நாள் மாலை மட்டும் அவள் பழகவில்லை. கை நன்றாக இருக்கிறது, அதைக் கெடுக்க வேண்டாம் என்று சீக்கிரம் வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை முதல் பாடவேளைக்கே மார்க் மேடம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். சார் அவருக்கு ஒரு நாற்காலி தள்ளி. போர்டு முதல் தட்டிலேயே விழித்துக்கொண்டது. அப்டேட் இல்லை, நீலத்திரை இல்லை. காகித நாடாவை எட்டாக மடிக்கச் சொன்னாள், மடித்தார்கள். எட்டில் மூன்று எது, ஏழு எது என்று கேட்டாள், காட்டினார்கள். மார்க் மேடம் ஒருதரம் தலையசைத்ததைச் சார் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ரிமோட்டை அழுத்தினாள்; எண்கோடு திரையில் வந்தது. 'எட்டில் ஐந்து எங்கே?'

முதல் பையன் போனான். எட்டில் ஐந்தைப் பார்த்தான். நான்கு விரல் இடதுபக்கம் தொட்டான்.

டொய்ங். அழுமூஞ்சி.

"பரவாயில்ல, அவசரப்பட்டுட்டே. அடுத்து யாரு?"

அடுத்தவள் போனாள். எட்டில் மூன்று. டொய்ங். அதற்கடுத்தவன் எட்டில் ஒன்றைத் தேடினான்; போர்டு அவன் தொட்டதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. டொய்ங். அவன் பூஜ்யத்தையும் தன் விரலையும் மாறிமாறிப் பார்த்தான். பின்வரிசையில் மார்க் மேடத்தின் பேனா ஓடத் தொடங்கியது. சாரின் கட்டைவிரல் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

 பிள்ளைகள் பதற்றத்தில் தடுமாறுகிறார்கள் என்றுதான் பார்சலக்கா நினைத்தாள். "இங்க பாருங்க, டீச்சர் செஞ்சு காட்டறேன்" என்று சிரித்த முகத்தோடு போர்டுக்குப் போனாள். 'எட்டில் ஆறு எங்கே?' வாரக்கணக்காகப் பழகிய கை, பிசகாமல், நான்கு விரல் தள்ளி இறங்கியது.

டொய்ங்.

 மறுபடி தொட்டாள். டொய்ங். இன்னும் அழுத்தமாக, பார்சலில் முத்திரை குத்துவதுபோலத் தொட்டாள். டொய்ங். ஆசிரியை ஆகப்போகிறவளுக்கு எட்டில் ஆறு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று மூன்றுமுறை ஊருக்கே அறிவித்தது போர்டு.

"அட சனியனே, உனக்கு நான் என்னதான் பாவம் பண்ணினேன்!"

வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கிற குரல். வகுப்பு 'கொல்'லென்று சிரித்தது. சார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

சிரிப்புக்கு நடுவே ஓட்டைப்பல் எழுந்து நின்றாள். "டீச்சர்! டீச்சர்! போர்டு திருந்திடுச்சு!"

"என்னது?"

"நீங்க ஆறுக்குத் தள்ளித் தொட்டீங்க, அது அஞ்சுன்னு எடுத்துக்கிச்சு. எங்க தொடறோமோ அங்கயே பதியுது!"

பார்சலக்கா திரும்பினாள். எட்டில் ஆறு என்ற கோட்டின்மேலேயே, நேராக, ஒரு விரலை வைத்தாள்.

டிங். நட்சத்திரம்.

அந்த நட்சத்திரத்தை அவள் பார்த்த பார்வையை சார் பிறகு பலரிடம் நடித்துக் காட்டினார். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றதெல்லாம் இன்றைக்கு, இந்த ஒரு நாளைக்கு, தப்பு. அவள் கோணலாகக் கற்றுக்கொண்டு வந்து நின்றபோது அது நேராக நிற்கிறது.

"என்ன திருந்திடுச்சு?" என்றார் மார்க் மேடம் பின்னாலிருந்து. அவர் வகுப்பில் குறுக்கே பேசியதே அதுதான் முதல்தடவை.

"நாலு விரல் தள்ளித் தொடணும் மேடம்!" என்றது வகுப்பு மொத்தமும், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. "எப்பவும்!"

"ஏன்?"

"அது அப்படித்தான் மேடம்!"

மார்க் மேடம் சாரைப் பார்த்தார். சார் கூரையைப் பார்த்தார்.

அழுவதற்கு நேரமில்லை; மணி அடிக்கப் பாதிப் பாடவேளை இருந்தது. பார்சலக்காவுக்கு அந்த நிமிடம் கைகொடுத்தது பயிற்சி அல்ல, கவுன்டர். இயந்திரம் மக்கர் பண்ணினால் வரிசையைப் பார்த்துப் பேச வேண்டும், இயந்திரத்தைப் பார்த்து அல்ல. அவள் போர்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"சரி. இப்ப வரைக்கும் தொட்டவங்க எல்லாரும் எழுந்திருங்க. அஞ்சுக்குத் தொட்டது எங்க விழுந்துச்சு?"

"நாலு!"

"மூணுக்கு?"

"ரெண்டு!"

"ஒண்ணுக்கு?"

"பூஜ்யம்" என்றான் அந்தப் பையன், இன்னும் மனம் ஆறாமல்.

"அப்ப நாலு விரல்னா எவ்வளவு?"

சிலர் காகித நாடாவின் மடிப்புகளை எண்ணினார்கள். பிறகு நான்கைந்து பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில், "எட்டுல ஒண்ணு!"

யாரும் அதுவரை அதை யோசித்ததில்லை, அவள் உட்பட. இத்தனை நாளும் வகுப்பு முழுக்க எட்டில் ஒன்றைக் கழித்துக் கழித்துத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு பாடம் தானாக ஓடியது. பழைய போர்டில் எட்டில் ஏழு வேண்டுமென்றால் விரல் எங்கே? புதிய போர்டில் எங்கே? பழைய போர்டில் இரண்டு வேண்டுமென்றால்? "எட்டுல பதினஞ்சு!" என்று ஒருவன் கத்தினான், "ஒண்ணு, அப்புறம் எட்டுல ஏழு!" என்று இன்னொருத்தி திருத்தினாள், இரண்டும் ஒன்றுதானா என்று பின்வரிசையில் ஒரு சண்டையே கிளம்பி, காகித நாடாவை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

போர்டிலும் தொட்டார்கள். ஆனால் தலைக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை. ஒரு பையன் வலக்கையை இடக்கையால் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கடைசி நொடியில் அது திமிறி இடதுபக்கம் தாவியது. டிங் கொஞ்சம், டொய்ங் நிறைய. மணி அடித்தபோது வகுப்பே போர்டைச் சுற்றி நின்று அதைத் திட்டிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியையின் அறைக்குப் போகும் வழியில் ஆயாம்மா எதிரே வந்தார். "நேத்து நீங்க போனப்புறம் ஒருத்தர் வந்தாரும்மா. ஏதோ புகாராம். நாலு மூலையிலயும் தட்டினாரு, ஆச்சுன்னாரு, போயிட்டாரு. காலையில சொல்லணும்னு நெனச்சேன்..."

பார்சலக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். முதல் தேர்வில் மார்க் மேடம் போட்ட புகார். அவள் பயிற்சிக் காலம் முழுக்க நடந்து நடந்து, சரியாக அவளுடைய கடைசி வாய்ப்புக்கு முந்தைய மாலை வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் வாழ்க்கையில் முதல்தடவையாக வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு.

அறைக்குள் மார்க் மேடம் டேப்லெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை ஒரு ஓரம், சார் ஒரு ஓரம்.

"உட்காரும்மா" என்றார் மார்க் மேடம், நிமிராமல். "பாடம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதை எழுதிட்டேன். 'சனியனே' மட்டும் எழுதல. இப்ப டிஜிட்டல் பகுதி. 'கருவியைப் பயன்படுத்தினாரா?' ஆமாம்னு போட்டா, உங்க போர்டே பிள்ளைங்க வாங்கின மார்க்கை இதுக்கு அனுப்பிடுது. பாதிக்குக் கீழ இருந்தா அதுவே 'தேறவில்லை'ன்னு போட்டுடும். என் கையில இல்ல."

"பாதிக்குக் கீழயா மேடம்?"

"ரொம்பக் கீழ."

"அது போர்டு சரியானதால வந்த தப்பு மேடம்!" என்றார் சார், நாற்காலி நுனிக்கு வந்து.

"தெரியுது. ஆனா அதுக்கு இதுல இடம் எங்க இருக்கு?" டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "'இல்லை'ன்னு போட்டா காரணம் கேக்குது. மின்தடை, இணையத்தடை, கருவிக் கோளாறு. மூணுதான். 'கருவி திடீர்னு சரியாயிடுச்சு'ன்னு ஒரு கட்டம் இல்ல."

 பார்சலக்கா தன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடம் தவறாமல் முத்திரை குத்திய கை. "எனக்கு நாற்பது முடிஞ்சுடுச்சு மேடம்" என்றாள். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மார்க் மேடம் முதல்தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"கருவிக் கோளாறு" என்றார். "நான் பொய் எழுதறேன்னு நினைக்காதீங்க. கோளாறு இருந்தது நிஜம். எந்த நாள்ல, எந்தப் பக்கம்னு ஃபார்ம் கேக்கல. பாடத்துல தேறிட்டீங்க. கடைசி வாய்ப்புல கோளாறுன்னா டிஜிட்டல் பகுதியை மட்டும் இன்னொருதரம் பார்க்க விதி இருக்கு; செவ்வாய்க்கிழமை வர்றேன், அரைமணி நேரம். அதுல தேறிட்டா முடிஞ்சுது."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். சார் கைதட்டவே போய்விட்டார். பார்சலக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

டேப்லெட் 'டிங்' என்றது.

மார்க் மேடம் படித்தார். முகம் மாறியது. மறுபடி படித்தார்.

"என்ன மேடம்?"

"'கருவிக் கோளாறு பதிவானது. தொழில்நுட்பர் திங்கட்கிழமை வருவார்.'"



"வேணாம்" என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "கேன்சல் பண்ணுங்க. ப்ளீஸ்."

மார்க் மேடம் தொட்டார். தள்ளித் தொட்டார். நீளமாக அழுத்திப் பார்த்தார். "'புகாரைத் தொழில்நுட்பர் மட்டுமே ரத்து செய்ய முடியும்.'"

"அவருக்கு போன் பண்ணலாமே?" என்றாள் பார்சலக்கா.

"அவரு எடுத்தா நாங்க ஏன்க்கா ஒரு வருஷமா நாலு விரல் தள்ளி வாழறோம்?" என்றார் சார்.

வெள்ளிக்கிழமை மற்ற வகுப்புகள் அந்த அறைக்கு வந்து போனபோது பள்ளியே கொந்தளித்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை போர்டில் எடுக்கும் வருகைப் பதிவில் வந்தவர்களையெல்லாம் வராதவர்களாக்கிவிட்டார். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் போர்டு பழையபடி ஆக வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் எழுதியே கொடுத்தார். பிள்ளைகள் மட்டும் ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். ஓட்டைப்பல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விதமாகவும் தொட்டுக் காட்டினாள்.

வீட்டில் அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகள் டேப்லெட்டை மேசைமேல் வைத்தாள். கட்டுரையை இந்தமுறை வேறெங்கோ பத்திரப்படுத்தியிருந்தாள். "வாம்மா. நேரா தொடு."

தொட்டாள்.

"இப்ப தள்ளித் தொடு."

தொட்டாள்.

"இப்ப நான் சொல்லச் சொல்ல மாத்தி மாத்தி. நேரா. தள்ளி. தள்ளி. நேரா. அம்மா, நேரான்னேன்!"

"கத்தாதே. டீச்சர் நானா, நீயா?"

"அப்பா, நீங்களே சொல்லுங்க."

கணவர் செய்தித்தாளை மடித்தார். "ரெண்டும் இல்லாம அந்த டெக்னீஷியன் வந்து வலதுபக்கம் தள்ளிவிட்டுட்டான்னா?"

தாயும் மகளும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கப்பா அப்பப்ப இப்படி ஒரு வார்த்தைதான் பேசுவாரு" என்றாள் பார்சலக்கா மகளிடம். பிறகு கையை மேசையின் வலதுபக்கத்துக்கும் கொண்டுபோய்ப் பழகத் தொடங்கினாள்.

டெக்னீஷியன் திங்கட்கிழமை மதியம் வருகிறார். மறுதேர்வு செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளை. அன்று காலை பிள்ளைகள் வருவதற்கு முன்பே அறையைத் திறந்துவிடுவதாக ஆயாம்மா சொல்லியிருக்கிறார்.